ஒரே மைதானம், இரண்டு பிரதமர்கள்: அரச நிகழ்ச்சிகளில் ஆயுதமும் மக்களின் சந்தேகமும்

தலைவர் ஒருவர் பேசும் கூட்டத்தில் துப்பாக்கியுடன் ஒருவன் புகுந்துவிட்டான் என்று செய்தி வந்தால், அடுத்த பத்து நிமிடங்களில் நம் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு பதில்கள் வந்துவிடுகின்றன. ‘இதெல்லாம் நாடகம்’ என்பது ஒன்று. ‘பாதுகாப்புக்கு நின்றவர்களே செய்திருப்பார்கள்’ என்பது மற்றொன்று. செய்தியை முழுதாகப் படித்தவர் எவரும் இல்லை. ஆனால் தீர்ப்பு தயாராகிவிடுகிறது. சில மணி நேரத்தில் மூன்றாவதாக ஒரு கேள்வி மெதுவாக வரும்: ‘அவன் பெயர் என்ன?’ அந்தக் கேள்வியை எந்தப் பயத்தோடு நாம் கேட்கிறோம் என்பது நமக்குத் தெரியும்.

இந்தச் சந்தேகங்களை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. இவற்றில் பலவற்றுக்கு விதை போட்டவர்கள் ஆட்சியாளர்களும் காவல்துறையினருமே. அதே நேரத்தில் சந்தேகத்தை அப்படியே விழுங்குபவர்களால் கொட்டப்பட்ட அப்பாவி இரத்தமும் வரலாற்றில் குறைவில்லை. இரண்டையும் ஒருசேரப் புரிந்துகொள்ள உதவும் ஓர் இடம் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் இருக்கிறது. அந்நாட்டு இராணுவத்தின் தலைமையகம் உள்ள ஊர் அது. அங்கே ஒரு பூங்கா மைதானம். 56 ஆண்டு இடைவெளியில், அதே இடத்தில், அந்நாட்டின் பிரதமர் ஒருவரும் முன்னாள் பிரதமர் ஒருவரும் கொல்லப்பட்டார்கள்.

1951 அக்டோபர் 16. அப்போது அந்த இடத்துக்குக் கம்பெனி பாக் என்று பெயர். பாகிஸ்தானின் முதல் பிரதமர் லியாகத் அலி கான் பொதுக்கூட்டத்தில் பேச எழுந்தார். உரையின் தொடக்கச் சொற்களைச் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசைப் பகுதியில் இருந்து துப்பாக்கி வெடித்தது. பிரதமர் மருத்துவமனையில் உயிரிழந்தார். சுட்டவன் பெயர் சயீத் அக்பர். ஆப்கானிஸ்தானில் இருந்து வெளியேறி அபோட்டாபாத்தில் வாழ்ந்தவன். அவனை அறியாமல் பாகிஸ்தான் அரசு இருந்தது என்று சொல்ல வழியில்லை. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய உதவித்தொகையை அவனுக்கு அந்த அரசே கொடுத்து வந்தது. அப்படிப்பட்டவன், ஆயுதத்துடன், மேடைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தான்.

மக்களுக்கு எழுந்த முதல் கேள்வி, அவனை அங்கே உட்கார விட்டது யார் என்பது. இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. கூட்டத்தினர் அவனைப் பிடித்துவிட்ட நிலையில், காவல் அதிகாரி ஒருவர் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டார். ஏன்? பதற்றத்தில் நடந்தது என்று ஒரு சாரார் சொன்னார்கள். வாயை அடைக்கத்தான் என்று மறு சாரார் சொன்னார்கள். உயிரோடு இருந்திருந்தால் அவன் ஒருவனே பதில் சொல்லியிருப்பான். அவனோடு அந்தப் பதிலும் புதைந்தது.

நீதிபதி முஹம்மது முனீர் தலைமையிலான ஆணையம் விசாரித்தது. அவனுக்குப் பின்னால் யார் என்பதற்கு உறுதியான விடை அதற்குக் கிடைக்கவில்லை. விசாரணைப் பொறுப்பில் இருந்த காவல்துறை உயர் அதிகாரி 1952இல் விமான விபத்தில் இறந்தார். பின்னர் லண்டனின் ஸ்காட்லாந்து யார்டில் இருந்து ஒரு துப்பறிவாளர் வரவழைக்கப்பட்டு, இது தனியொருவன் செய்த செயல் என்ற முடிவைச் சொல்லிச் சென்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்போது கேட்க யாரும் தயாராக இல்லை. முதல் நாள் போன நம்பிக்கை நான்காம் ஆண்டில் ஓர் அறிக்கையால் திரும்புவதில்லை. மைதானத்துக்கு லியாகத் பாக் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த கொலைக்குப் போகுமுன் அரச நிகழ்ச்சிகளின் பாதுகாப்பு எப்படி அமைகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இது தெரிந்தால் வரும் செய்திகளை எடைபோட வசதியாக இருக்கும். பெரும்பாலான நாடுகளில் பாதுகாப்பு வளையம் வளையமாக இருக்கும். வெளி வளையத்தில் உள்ளூர்க் காவல்துறை நின்று சாலைகளையும் கட்டடங்களின் மாடிகளையும் பார்க்கும். நடு வளையத்தில் வருபவர்கள் சோதிக்கப்பட்டு, மெட்டல் டிடெக்டர் வழியே அனுப்பப்படுவார்கள். உள் வளையத்தில் தலைவரின் மெய்க்காவலர்கள் மட்டும் இருப்பார்கள். நம் நாட்டில் பிரதமரின் பாதுகாப்புக்கு ‘நீலப் புத்தகம்’ என்றும், மற்ற முக்கியப் பிரமுகர்களுக்கு ‘மஞ்சள் புத்தகம்’ என்றும் அழைக்கப்படும் வழிகாட்டு நெறிகள் உள்துறையிடம் உண்டு. யார் எங்கே நிற்பது, தலைவர் ஏறும் வண்டிக்கு மாற்று வண்டி எங்கே நிற்பது, காயம்பட்டால் எந்த மருத்துவமனை என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

ஆக, ஆயுதம் உள்ளே வருவதற்கு வழிகள் குறைவு. சோதனை நடக்காமல் இருந்திருக்க வேண்டும். அல்லது சோதனை இல்லாமல் போகும் தகுதி ஒருவனுக்குக் கிடைத்திருக்க வேண்டும். அல்லது ஆயுதம் வைத்திருக்க அனுமதி பெற்றவனே திரும்பியிருக்க வேண்டும். அசட்டை, சலுகை, துரோகம் என்று இவற்றைச் சொல்லலாம். மக்கள் எப்போதும் துரோகத்தில்தான் தொடங்குகிறார்கள். விசாரணைகளில் அதிகம் வெளிப்பட்டது அசட்டை. ஆனால் அசட்டை செய்தவர் அதை மறைக்க முயலும்போது, அது பார்ப்பவருக்குத் துரோகம் போலவே தெரிகிறது.

மூன்றாவது வழிக்கு எகிப்து ஒரு சாட்சி. 1981 அக்டோபர் 6, கெய்ரோவின் நஸ்ர் நகரில் வெற்றி விழா அணிவகுப்பு. அதிபர் அன்வர் சதாத் மேடையில் இருந்தார். வானில் போர் விமானங்கள் சாகசம் காட்டிக்கொண்டிருந்தன. எல்லாக் கண்களும் மேலே. அணிவகுப்பில் வந்த இராணுவ லாரி ஒன்று மேடைக்கு எதிரே நின்றது. அதிலிருந்து குதித்தவர்களைச் சதாத் மரியாதை செலுத்த வருபவர்கள் என்றே நினைத்ததாகச் சொல்லப்படுகிறது. அணிவகுப்பில் வருவோரிடம் தோட்டா இருக்கக் கூடாது என்பது விதி. லெப்டினன்ட் காலித் இஸ்லாம்பூலி தன் லாரியில் வரவேண்டிய வீரர்களுக்குப் பதிலாகத் தன் கூட்டாளிகளை ஏற்றி வந்திருந்தார். சீருடைதான் அவர்களின் அனுமதிச் சீட்டு. அவரும் மற்றும் நால்வரும் 1982 ஏப்ரலில் தண்டனை நிறைவேற்றப்பட்டு இறந்தார்கள். கொன்றவர்கள் யார் என்பதில் மர்மம் இல்லை. ஆனாலும் இத்தனை சோதனைகளைத் தாண்டித் தோட்டா எப்படி வந்தது என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. 25 ஆண்டுகள் கழித்து, 2006இல், சதாத்தின் அண்ணன் தம்பி வழி மகனும் நாடாளுமன்ற உறுப்பினருமான தல்அத் சதாத் இந்தச் சந்தேகத்தைத் தொலைக்காட்சியில் பேசினார். இராணுவத்தை இழிவுபடுத்தினார் என்று இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. கேள்வி கேட்டவரைச் சிறையில் அடைத்தால் கேள்வி அடங்கிவிடும் என்று நினைத்தார்கள் போலும்!

மீண்டும் ராவல்பிண்டிக்கு வருவோம்.

பெனாசிர் புட்டோ நாடு திரும்பியது 2007 அக்டோபர் 18 அன்று. அன்றிரவே கராச்சியில் அவரது ஊர்வலத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆபத்து எவ்வளவு என்பது அந்த இரவே உலகுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு நான்கு நாள் கழித்து மத்திய உள்துறை மாகாணங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. முன்னாள் பிரதமர்கள் சவுக்கத் அஜீஸ், சவுத்ரி சுஜாஅத் ஹுசைன் ஆகிய இருவருக்கும் உயர்நிலைப் பாதுகாப்பு கொடுங்கள் என்று அதில் இருந்தது. இருவரும் ஆளும் தரப்பைச் சேர்ந்தவர்கள். குண்டு வீச்சுக்குத் தப்பிய முன்னாள் பிரதமருக்கு அப்படியொரு உத்தரவு இல்லை. பின்னாளில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆணையம் இந்த வேறுபாட்டைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டியது.

டிசம்பர் 27 மாலை. லியாகத் பாக் கூட்டம் முடிந்து பெனாசிர் காரில் வெளியே வந்தார். குண்டு துளைக்காத கார். ஆனால் அதன் கூரைத் திறப்பின் வழியே எழுந்து நின்று மக்களுக்குக் கையசைத்தார். கூட்டத்தில் இருந்து ஒருவன் மூன்று முறை சுட்டான். அடுத்த கணம் குண்டும் வெடித்தது. அவரோடு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டயர்கள் கிழிந்த நிலையில் கார் மருத்துவமனை நோக்கி ஓடியது. உடன் இருக்க வேண்டிய மாற்று வண்டி, அவரது கட்சிப் பிரமுகர்களோடு முன்பே போய்விட்டிருந்தது. வழியில் வேறொரு கட்சித் தலைவரின் வண்டிக்கு அவரை மாற்றினார்கள். மாலை 6 மணி 16 நிமிடத்துக்கு மரணம் அறிவிக்கப்பட்டது.

இதுவரை நடந்தவற்றில் சதி இருக்கலாம், அலட்சியமும் இருக்கலாம். அதன்பின் நடந்தவைதான் மக்களின் சந்தேகத்துக்குக் கற்கட்டடம் எழுப்பிக் கொடுத்தன.

வெடிப்பு நடந்து ஒரு மணி 40 நிமிடத்துக்குள் அந்த இடத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டார்கள். தோட்டா உறைகள், துணிகள், உடல் துணுக்குகள், குண்டின் பாகங்கள் என்று ஆயிரக்கணக்கில் தடயங்கள் கிடைக்க வேண்டிய இடம் அது. சேகரித்தவை 23. இரத்தம் கிடந்தால் மக்கள் கொந்தளிப்பார்கள் என்பதால் கழுவினோம் என்று விளக்கம் தரப்பட்டது. பிரேத பரிசோதனையும் நடக்கவில்லை. மருத்துவர்கள் அனுமதி கேட்டும் நகரக் காவல்துறைத் தலைவர் தரவில்லை என்று ஐ.நா. ஆணையம் பதிவு செய்தது. கணவர் ஜர்தாரி வேண்டாம் என்றாரே என்று சிலர் கேட்பதுண்டு. அவரிடம் கேட்கப்பட்டது, உடல் மருத்துவமனையை விட்டு வெளியேறிய பிறகு. கொலை வழக்கில் பிரேத பரிசோதனை செய்வது காவல்துறையின் கடமை. குடும்பத்தாரிடம் கேட்டு முடிவெடுக்கும் விஷயம் அல்ல அது.

மறுநாளே உள்துறைப் பேச்சாளர் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். தலை, கூரைத் திறப்பின் பிடியில் மோதியதால்தான் மரணம் என்றார். இதைச் செய்தது பைத்துல்லாஹ் மஹ்சூத் கூட்டம் என்றும் ஒலிப்பதிவு ஒன்றைக் காட்டிச் சொன்னார். பிரேத பரிசோதனை இல்லாமல் மரணக் காரணம், விசாரணை தொடங்குமுன் குற்றவாளியின் பெயர்! கட்சியினர் அதை ஏற்கவில்லை. தோட்டா பாய்ந்த காயத்தைப் பார்த்தோம் என்றார்கள். மஹ்சூத் தரப்பும் மறுத்தது. மீண்டும் ஸ்காட்லாந்து யார்டு வந்தது. 2008 பிப்ரவரியில் அதன் அறிக்கை, குண்டு வெடிப்பின் அதிர்ச்சியில் தலை மோதியதே மரணக் காரணம் என்றது. அதாவது அரசின் கூற்றுக்குப் பெரும்பாலும் நெருக்கமான முடிவுதான். ஆனாலும் நம்பியவர்கள் குறைவு. 1951இல் நடந்ததே மீண்டும் நடந்தது. உண்மை சொல்லப்பட்டிருந்தாலும் அதைத் தாங்கி நிற்கத் தடயம் இல்லை.

சிலி நாட்டின் ஹெரால்டோ முனோஸ் தலைமையில் ஐ.நா. ஆணையம் 2009 ஜூலையில் பணியைத் தொடங்கி 2010 ஏப்ரலில் அறிக்கை தந்தது. யார் கொன்றார்கள் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை அல்ல. நடந்தவற்றை வரிசைப்படுத்துவதே பொறுப்பு. போதிய பாதுகாப்பு தந்திருந்தால் இந்தக் கொலையைத் தடுத்திருக்கலாம் என்று அது சொன்னது. கழுவும் முடிவை நகரக் காவல்துறைத் தலைவர் தாமாக எடுத்திருக்க முடியாது என்று பலர் கருதுவதையும் பதிவு செய்தது. உளவு அமைப்புகள் விசாரணைக்கு இடையூறாக இருந்ததையும் மறைக்கவில்லை. நாம் படித்தவரையில், ஓர் அரசின் நடத்தையைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்ட பொது ஆவணங்கள் குறைவு.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி நம் தமிழ்நாட்டில் உண்டு. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, வெடித்த இடத்தில் ஒரு கேமரா கிடந்தது. ஹரிபாபு என்ற புகைப்படக்காரர் இறந்துவிட்டார். அவர் எடுத்த படச்சுருள் தப்பித்தது. கொலையாளியின் முகம் அதில் இருந்தது. வழக்கு அந்தப் படங்களில் இருந்துதான் நகர்ந்தது. அங்கேயும் பாதுகாப்பில் ஓட்டைகள் இருந்தன. பிரதமர் பதவி போனதும் அவருக்கு எஸ்பிஜி பாதுகாப்பும் போயிருந்தது. நீதிபதி வர்மா ஆணையம் மத்திய, மாநில அமைப்புகளோடு கட்சி ஏற்பாட்டாளர்களின் குறையையும் எடுத்துச் சொன்னது. பின்னணிச் சதி பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் வெடித்தவர் யார் என்பதில் வதந்திக்கு இடமில்லாமல் செய்தது அந்த ஒரு கேமரா. அந்த இரவில் யாராவது தண்ணீர் லாரியைக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, ‘அவன் பெயர் என்ன?’ என்ற கேள்விக்கு வருவோம்.

1948 ஜனவரி 30 மாலை, டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகள் சுடப்பட்டதும், சுட்டவர் முஸ்லிம் என்ற வதந்தி கிளம்பியது. பிரிவினைக் கலவரத்தின் சூடு ஆறாத நேரம். வானொலி அறிவிப்பிலேயே, கொன்றவர் ஓர் இந்து என்பது சேர்த்துச் சொல்லப்பட்டது. அந்த ஒரு வரி எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். இதே நிகழ்வுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கோட்சேயின் சாதியைச் சொல்லி மகாராஷ்டிராவில் அப்பாவிப் பிராமணக் குடும்பங்கள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிக்கப்பட்டன. நம்மீது விழாத அடி என்பதால் அதை மறந்துவிடக் கூடாது. பாதுகாப்பைப் பொறுத்தவரை, பத்து நாட்களுக்கு முன் ஜனவரி 20 அன்று அதே இடத்தில் குண்டு வெடித்து ஒருவர் பிடிபட்டிருந்தார். அவரிடம் கிடைத்த தகவலைக் கொண்டு போதிய வேகத்தில் செயல்படவில்லை என்பது பின்னாளில் கபூர் ஆணைய விசாரணையில் விரிவாகப் பேசப்பட்டது. வருபவர்களைச் சோதிக்கக் காந்தி சம்மதிக்கவில்லை என்பதும் உண்மை.

1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் அவருடைய சொந்தக் காவலர்கள். சுட்டபின் ஆயுதத்தைக் கீழே போட்டவர்களில் ஒருவரான பியாந்த் சிங், பிடிபட்ட நிலையில் மற்ற காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். ராவல்பிண்டியின் முதல் கொலை நினைவுக்கு வருகிறது அல்லவா! அடுத்த சில நாட்களில் டெல்லியில் மட்டும் அரசுக் கணக்குப்படியே 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு காவலர்களின் குற்றம் ஒரு சமுதாயத்தின் தலையில் இறக்கப்பட்டது.

மார்க்கக் கல்வி பயின்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஹுர்முஸானின் பெயர் நினைவுக்கு வராமல் போகாது. ஹிஜ்ரி 23இல், மெய்க்காவலர் எவரையும் வைத்துக்கொள்ளாத கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஃபஜ்ர் தொழுகையில் குத்தப்பட்டார்கள். குத்திய அபூலுஃலுஃ பிடிபடும் நிலையில் தன்னையே குத்திக்கொண்டு இறந்தான். கலீஃபா முதலில் கேட்டது தம் காயத்தைப் பற்றி அல்ல. குத்தியவன் யார் என்று விசாரித்து வரச் சொன்னார்கள். ஆனால் கொலையாளி இறந்துவிட்டதால் சந்தேகம் வேறு பக்கம் பரவியது. முன்பு ஒருமுறை அபூலுஃலுஃவையும், இஸ்லாத்தைத் தழுவி மதீனாவில் வாழ்ந்த பாரசீகர் ஹுர்முஸானையும், ஜுஃபைனா என்ற கிறித்தவரையும் ஒன்றாகக் கண்டதாகவும், அவர்களிடையே இருமுனைக் குத்துவாள் கீழே விழுந்ததாகவும் ஒரு சாட்சி சொல்லப்பட்டது. இதைக் கேட்ட கலீஃபாவின் மகன் உபைதுல்லாஹ் வாளை எடுத்துக்கொண்டு போய் ஹுர்முஸானையும் ஜுஃபைனாவையும் கொலையாளியின் மகளையும் வெட்டிவிட்டார். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை.

அடுத்த கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் முன் வந்த முதல் வழக்கே இதுதான். தந்தையை இழந்து நிற்பவரை என்ன செய்வது? பழிக்குப்பழி வேண்டும் என்ற கருத்து அலீ (ரலி) போன்றவர்களிடம் இருந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நேற்று தந்தை கொல்லப்பட்டார், இன்று மகனா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் இரத்தஈட்டுத் தொகையைத் தம் சொந்தப் பொருளில் இருந்து கொடுத்து முடித்தார்கள். இந்தத் தீர்ப்பைப் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. அதற்குள் நாம் இங்கே போகவில்லை. சந்தேகத்தில் கொல்லப்பட்டவரின் இரத்தத்துக்கும் விலை உண்டு என்று அந்த அரசு ஒப்புக்கொண்டது என்பதே இங்கே நமக்குத் தேவையானது. பின்னர் முஆவியா (ரலி) அவர்கள் தம்மீது காரிஜிய்யாக்கள் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு பள்ளிவாசலில் ஆட்சியாளர் தொழுவதற்கென்று ‘மக்ஸூரா’ எனும் தடுப்பு அறையை ஏற்படுத்தியதாக இப்னு கல்தூன் எழுதுகிறார். இன்றைய குண்டு துளைக்காத கண்ணாடி மேடையின் முன்னோடி என்று அதைச் சொல்லலாம்.

செய்தி கொண்டுவருபவரை விசாரித்துத் தெளிந்துகொள்ளுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்ற கருத்தில் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் பேசுவது நாம் ஜும்ஆக்களில் அடிக்கடி கேட்பதுதான். அதை இந்த வகைச் செய்திகளில் நடைமுறைப்படுத்துவது எப்படி? பிடிபட்டவன் உயிரோடு நீதிமன்றத்துக்கு வந்தானா என்று முதலில் பாருங்கள். சம்பவ இடத்தை யார் பூட்டி வைத்தார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பது செய்தியில் இருக்கிறதா? பிரேத பரிசோதனை அறிக்கை வருமுன் மரணக் காரணத்தை யாராவது அறிவித்தால் அங்கே நிதானியுங்கள். முதல் நாளே ஓர் அமைப்பின் பெயரோ ஒரு சமுதாயத்தின் பெயரோ சொல்லப்பட்டால், சொன்னவர் அதை எங்கிருந்து பெற்றார் என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை இல்லாதபோது சந்தேகப்படுவது நியாயமே. ‘எனக்குச் சந்தேகம் இருக்கிறது’ என்று சொல்வதற்கும் ‘அவன்தான் செய்தான்’ என்று அனுப்பிவிடுவதற்கும் இடையில் உள்ள தூரம் உபைதுல்லாஹ்வின் வாளுக்கும் உறைக்கும் இடையில் இருந்த தூரம்தான். ‘நாடகம்’ என்று எழுதுபவர்களும் யோசிக்க வேண்டும். ராவல்பிண்டியில் அன்று மாலை இறந்தவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன.

பெனாசிர் வழக்கில் தீர்ப்பு வர கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்ட் 31 அன்று ராவல்பிண்டி பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம், கொலைச்சதியில் குற்றம்சாட்டப்பட்டிருந்த ஐந்து பேரையும் விடுதலை செய்தது. முன்னாள் அதிபர் முஷர்ரஃப் தலைமறைவானவர் என்று அறிவிக்கப்பட்டார். தண்டனை பெற்றவர்கள் இருவர் மட்டுமே: இடத்தைக் கழுவியதற்கும் பாதுகாப்பில் தவறியதற்கும் பொறுப்பாக்கப்பட்ட இரண்டு காவல் அதிகாரிகள். தலா 17 ஆண்டுகள். சில வாரங்களில் லாகூர் உயர்நீதிமன்றம் அவர்களுக்குப் பிணை வழங்கியது. முஷர்ரஃப் 2023 பிப்ரவரியில் துபாயில் இறந்தார்.